சிவகாசி பட்டாசுத் தொழிலில் விபத்துகளின் தாக்கம்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, எம். புதுப்பட்டி ஆகிய வட்டாரங்களில் உள்ள பட்டாசு ஆலைகளில் நிகழ்ந்த வெடிவிபத்துகள், அவ்வாலைகளின் அமைப்பையும் தொழிலாளரின் பணிப்பழக்கத்தையும் மாற்றியுள்ளன. பெரும் நிகழ்வுகள் நிறுவனங்களை எவ்வாறு உருமாற்றுகின்றன என்பதற்கு இத்தொழில் ஓர் எடுத்துக்காட்டாகும்.

முக்கிய நிகழ்வுகள்

* 1991: சிவகாசி விபத்து ஒன்றை உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. இதன் தொடர்ச்சியாக எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என அது ஆணையிட்டது.
* 2012 செப்டம்பர் 5: முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீயைக் கண்டு ஓடிவந்த ஊராரும் இவர்களுள் அடங்குவர்.
* 2021 பிப்ரவரி 12: சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலையில் விபத்து நிகழ்ந்தது.
* 2023 அக்டோபர் 17: எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் 10க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் பெண்கள்.

ஆலை அமைப்பு

விபத்து ஓர் அறையுடன் நின்றுவிட வேண்டும் என்பதே ஆலை அமைப்பின் அடிப்படையாகும். இதற்காக மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், திரி வைத்தல் ஆகியவை இடைவெளி விட்ட தனித்தனிச் சிற்றறைகளில் செய்யப்படுகின்றன. ஓர் அறையில் பணிபுரிவோர் எண்ணிக்கைக்கும் அங்கு வைக்கும் மருந்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. பணியை மேற்பார்வையிடப் போர்மேன் அமர்த்தப்படுகிறார்.

பணியிட நடத்தை

விபத்துக்குப் பின் ஆய்வுகள் கடுமையாகி, உரிமங்கள் நிறுத்தப்படுவது வழக்கம். இதனால் சில காலம் விதிகள் கவனமாகப் பின்பற்றப்படுகின்றன. எனினும் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வழங்கும் முறையும் தீபாவளிக்கு முந்தைய தேவையும் வேகத்தைத் தூண்டுகின்றன. அறையில் கூடுதல் ஆட்களை அமர்த்துதல், மரத்தடியில் பணி செய்தல், உரிமம் பெற்றவர் அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடுதல் ஆகிய மீறல்கள் மீண்டும் தலைதூக்குகின்றன.

கோட்பாட்டு விளக்கம்

அமெரிக்கச் சமூகவியலாளர் டயான் வாகன், 1986ஆம் ஆண்டின் சேலஞ்சர் விண்ணோட விபத்தை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்டார். தீங்கு நேராத ஒவ்வொரு மீறலும் அடுத்த மீறலை இயல்பானதாக்குகிறது என்பது அவரது கருத்தாகும். பட்டாசு ஆலைகளுக்கும் இது பொருந்தும். விதிமீறிய நாட்களில் பெரும்பாலானவை விபத்தின்றிக் கழிவதால், விபத்து கற்பித்த எச்சரிக்கை படிப்படியாகத் தேய்கிறது. சுவராகவும் இடைவெளியாகவும் அமைந்துவிட்ட பாடங்கள் நிலைக்கின்றன. கூலிக்கு எதிராக நிற்கும் பாடங்களோ எளிதில் மறைகின்றன.

இவற்றையும் பார்க்க

* போபால் பேரழிவு
* குழந்தைத் தொழிலாளர்
* பசுமைப் பட்டாசு