ஆகாயத்தில் துண்டு

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்மவர்களின் தனி வித்தை என்று எண்ணியிருந்தேன். ஐரோப்பிய விமான நிலையங்களின் சரித்திரத்தைப் படித்ததும் அந்தக் கர்வம் அடங்கிவிட்டது.

நெரிசல் மிகுந்த நிலையங்களில் விமானம் இறங்கவும் கிளம்பவும் வேளை குறித்துக் கொடுப்பார்கள். 1993-ல் ஐரோப்பிய சமூகம் இதற்குச் சட்டம் செய்தது. நூற்றுக்கு 80 வேளைகளையாவது பயன்படுத்திய கம்பெனிக்கு அடுத்த ஆண்டும் அவை உரிமை, தவறினால் பறிபோகும். மீண்டு வருவதில் பாதி புதியவர்களுக்கு.

நியாயந்தான்! ஆனால் துண்டை எடுத்தால்தானே? 2016-ல் லண்டன் ஹீத்ரோவில் ஒரு ஜோடி வேளை 7.5 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. 2020-ல் கொரோனா வந்து பயணிகள் அற்றுப்போனபோதோ, உரிமை போய்விடுமே என்று சில கம்பெனிகள் வெறும் விமானங்களைப் பறக்கவிட்டன. அந்த மார்ச்சிலேயே விதியைத் தளர்த்த நேர்ந்தது.

பஸ்ஸில் துண்டு போட்டவராவது ஏறி உட்காருகிறார். அங்கே துண்டு மட்டுமே பிரயாணம் செய்திருக்கிறது!