ஓதச் சுவரும் தரகரின் பொறுப்பும்

ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே மணல்: லைட்ஹவுஸ் குப்பமும் அக்கம்பக்கத்துக் குப்பங்களும் இருக்கும் இடம் இது. இங்கே சுவருக்கு ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. மண்ணிலுள்ள உப்புநீர் செங்கல் வழியே மேலேறுகிறது. நீர் உலர்ந்ததும் உப்பு சுவரில் தங்கி, காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஓதத்தின் மேல் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. ஓலைக் குடிசையில் கீற்றை மாற்றினால் தீர்ந்துபோன சிக்கல்தான். கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விட்டது. சிமெண்ட் பூச்சும் பெயின்ட்டும் அதை உள்ளே அடைத்து, சில மாதங்களுக்குக் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகின்றன. அந்த இடைவெளியில் வீடு கைமாறினால் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. தரகருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

நடுவில் நிற்பவர் பொருளின் குறைக்குப் பொறுப்பாக முடியாது என்ற வாதத்தைப் பழவேற்காட்டின் வரலாறே மறுக்கிறது. 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சு கும்பினிக்கு, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் இதுதான் தலைமையிடம். இக்கரைத் துணியைக் கொண்டுபோய்த்தான் மலுக்குத் தீவுகளின் வாசனைப் பொருள்களை அவர்கள் வாங்கினார்கள். துணிக்காகக் கும்பினி தறிதோறும் போகவில்லை. டச்சு ஆவணங்கள் மலையா என்று குறிக்கும் அச்சுதப்ப செட்டியைப் போன்ற பெருவணிகர்கள் இடையில் நின்றார்கள். அவர்கள் முன்பணம் வாங்கினார்கள், துணிக்குப் பொறுப்பேற்றார்கள். வந்த துணியைக் கும்பினியார் மாதிரியோடு ஒப்பிட்டார்கள். தரம் குறைந்தால் விலை இறங்கியது, இல்லையேல் துணி திரும்பியது. அந்த நட்டம் கடைசியில் ஏழை நெசவாளர் தலையில் விழுந்ததுண்டு. அந்தக் கொடுமையைப் புகழ்வதற்கில்லை. ஆனால் முதல் கேள்விக்கு இடைநின்றவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பின்னால் வந்த சட்டங்களில் அந்தப் பொறுப்பு காணாமல் போனது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, அறிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். தரகர் பேச்சே அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது, கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநரை 5 ஆண்டுகள் பொறுப்பாக்கியது. ஆனால் அது பதிவு பெற வேண்டிய திட்டங்களுக்கானது. கைமாறும் ஒற்றைப் பழைய வீட்டுக்கு எட்டாது.

தரகர் கொத்தனார் அல்லவே என்பார்கள். துணி வணிகரும் தறியில் உட்கார்ந்தவர் அல்ல. சுவருக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கும்படி தரகரை யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை மறைக்காதிருக்கவே கேட்கிறோம். உள்ளூர்த் தரகர் ஒரே வீட்டை வெயிலிலும் மழையிலும் பார்ப்பவர். வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் கும்பினிக்குக் கிடங்கு இருந்தது, மாதிரி இருந்தது, திருப்பி அனுப்பும் அதிகாரமும் இருந்தது. கடன் வாங்கி வீடு தேடும் குடும்பத்துக்கு இதில் எதுவும் இல்லை.

அறிந்த குறையை எழுதிக் கொடுக்கும் கடமை தரகருக்கும் சட்டத்தில் வர வேண்டும். அதுவரை, வீடு வாங்குபவர்களே, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை வீட்டைப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன், ஓதம் பற்றி விற்பவர் சொல்வதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தரகரையும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.