நெய் பூசிய வேலும் நம் வீட்டு அரிவாள்மணையும்

நம் காலனியில் இல்லந்தோறும் அடுக்களை மூலையில் ஓர் அரிவாள்மணை சாய்ந்து கிடக்கக் காண்கிறோம். குடுபல்லிக்குக் குடிவந்த நாளில் தட்டுமுட்டுச் சாமான்களோடு உடன்வந்தது அது. அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர்கள் அதனைக் கத்திபீட்ட என்பர். எல்லை கடந்தால் கன்னடத்தார் ஈளிகெ மணெ என்பர். பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே. இன்றோ பல இல்லங்களில் அதன் அலகு செந்துரு படிந்து, பழைய இரும்பு வாங்குவோர் வரவை எதிர்நோக்கிக் கிடக்கின்றது. விற்குமுன் அதன் குலவரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அவ்வரலாறு நெடுந்தொலைவில் இல்லை. நமக்கு அண்மையதான கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழ்நாட்டரசு 2022-இல் அறிவித்தது. அதற்குத் தெற்கே உள்ள தருமபுரியே அதியமான் ஆண்ட தகடூர். அவன் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு கூறும். தொண்டைமான் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க மனையில் அழகுற இருந்தன. அதியமான் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் களத்தில் கிடந்தன. புகழ்வது போல் இகழ்ந்த அந்நயத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நாம் இங்குக் கருதுவது அந்நெய்யையே. இரும்பைத் துருவாக்குவன நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும். வெண்ணெயில் நீர் உண்டு. காய்ச்சிய நெய்யில் அது வற்றிவிடும். ஆதலின் நெய்ப்பூச்சு அவ்விரண்டையும் அலகை அணுகவொட்டாது காத்தது. போருக்குப் போகாத வேலுக்கு அது வேண்டியிருந்தது!

நொய்யற்கரைக் கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளை அகழ்வாய்வு காட்டியுள்ளது. மூசையில் உருக்கிய இவ்வெஃகைத் தெலுங்கரும் கன்னடரும் உக்கு என்பர். அச்சொல்லே ஆங்கிலர் நாவில் ‘ஊட்ஸ்’ எனத் திரிந்ததென்பர் அறிஞர் பலர். 1795-இல் இலண்டன் அறிஞர் கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் கூடி, மேலும் சிறந்த வெட்டுங்கருவி எஃகையும், எளிதில் துருவேறாத உலோகத்தையும் தேடி 1820-இல் ஆய்வு வெளியிட்டார். எனினும் 1913-இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரெயர்லி குரோமியம் மிகுதியாகக் கலந்து வார்த்த பின்னரே துருப்பிடிக்காத கத்தி அடுக்களைக்கு வந்தது. நாம் எவர்சில்வர் என்பது அவ்வினமே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் கரி கலந்த பழைய எஃகு சாணைக்கல்லில் எளிதில் கூர் ஏறுவது போல அது ஏறுவதில்லை.

அக்கூர்மைக்கு விலை, நாள்தோறும் சிறிது கவனம். எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கியவுடன் அலகைக் கழுவி, உலர்ந்த துணியால் ஈரமறத் துடைத்தல் வேண்டும். புளிப்பும் உப்பும் துருவை விரைவுபடுத்தும். சில நாள் பயன்படுத்தாது வைப்பதாயின் தேங்காய் எண்ணெயை மெல்லெனத் தடவலாம். நல்லெண்ணெய் நாட்படப் பிசுக்காகும். ஒருமுறை ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுப் பக்தியோடு விட்டுவைத்தோம். மறுநாட் காலை பொட்டிட்ட இடமெல்லாம் துருப்புள்ளி! சந்தனத்தின் ஈரத்தை மறந்தது நம் பிழை.

வாழைக்காய் நறுக்கிய அலகு கறுத்தால் அஞ்ச வேண்டா. காயின் துவர்ப்பு இரும்போடு கூடிய கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை கூட்டியதும் இவ்வாறே. அக்கறுப்பைத் தேய்த்துப் போக்காது விடலாம். செந்துருவை மட்டும் மெல்லிய செங்கற்பொடியும் எண்ணெயும் இட்டுத் தேய்த்து, பின்னர்ச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், மணை ஆடாதிருக்கும் வரையில் அது அடுத்த தலைமுறைக்கும் காய் நறுக்கும்.