புதுவெளிக் கோபுரம்

பூட்டான் போய் வந்தவர்கள் முதலில் எடுத்து நீட்டுகிற போட்டோ, பெரும்பாலும் தக்த்சங் மடாலயமாகத்தான் இருக்கும். 'புலிக்குகை' என்பார்கள். பாரோ பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தது மாதிரி நிற்கும். 1692-ல் கட்டியது. 1998-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. அந்தச் சின்ன தேசத்து மக்கள் சும்மா விடவில்லை. 2005-க்குள் அதே பாறையில் அதை மறுபடி எழுப்பிவிட்டார்கள்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

சமயங்கள் மோதிக்கொண்ட மண் இது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது. அப்பர் அங்கேதான் தருமசேனராக இருந்தார். சிதம்பரத்திலோ, ஈழத்துப் பௌத்தர்களோடு மாணிக்கவாசகர் வாதம் செய்தார் என்கிறது திருவாதவூரடிகள் புராணம். பௌத்தர்களின் கேள்விகளுக்கு, ஈழ மன்னனின் ஊமை மகள் வாய் திறந்து பதில் சொன்னாளாம். அந்தக் கேள்வி-பதில்தான் திருச்சாழல் என்பது மரபு.

தில்லையில் தோற்றதும் பௌத்தம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை.

சிதம்பரத்திலிருந்து தெற்கே மூன்று மணி நேர பஸ் பயணத்தில் நாகப்பட்டினம். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரில் அங்கே ஒரு புத்த விகாரை எழுந்தது. அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைக் கட்டி முடித்தான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருமானத்தையே எழுதிக்கொடுத்தது யார் தெரியுமா? 'சிவபாதசேகரன்' என்று பட்டம் சூடிய ராஜராஜ சோழன்! ஆண்டு சுமார் 1006. வருடத்துக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல். அப்பா வாய்வார்த்தையாகச் சொன்ன தானத்தை, மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டவைத்தான். அந்தச் செப்பேடுகள் பின்னாளில் ஹாலந்துக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வாங்கின.

அதே ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின் மேலேயே படையெடுத்தான். ஆனாலும், விகாரை தப்பியது. 1090-ல் முதலாம் குலோத்துங்கன் அதற்கு வரிச்சலுகை கொடுத்திருக்கிறான். தில்லைக் கோயிலுக்குத் திருப்பணிகள் செய்த நரலோகவீரன், இந்தக் குலோத்துங்கனின் தளபதிதான். சிவனுக்குச் செய்த கையே புத்தருக்கும் கொடுத்தது!

சோழர்கள் போனார்கள். நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஊர்க்காரர்களுக்கு அது 'புதுவெளிக் கோபுரம்'. வெள்ளைக்காரர்களுக்கு 'சீனப் பகோடா'. கடலில் வரும் மாலுமிகளுக்கு அது ஓர் அடையாளம். அதை இடித்துச் செங்கல்லை எடுத்துக்கொள்கிறோம் என்று ஏசு சபைப் பாதிரியார்கள் அரசிடம் கேட்டார்கள். 1867-ல் அனுமதி கிடைத்தது. கோபுரம் தரைமட்டமானது.

படையெடுப்பும் இல்லை, வாதமும் இல்லை; போரைத் தாண்டி நின்றதைச் சாய்க்க ஓர் அரசாங்கக் காகிதம் போதுமானதாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

மண்ணுக்குள் இருந்தவை மட்டும் பிழைத்தன. 1856-லிருந்து அந்த வட்டாரத்தில் தோண்டத் தோண்ட, சுமார் 350 பௌத்தத் திருமேனிகள் வெளியே வந்தன. பல நாடுகளின் மியூசியங்களுக்கு அவை சிதறிப் போயின. சென்னை எழும்பூர் மியூசியத்திலும் இருக்கின்றன. அங்கே போனால், திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்த கையோடு நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ராஜராஜன் கொடுத்த நெல்லில் விளக்கெரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.