அரிசி குறைந்த இடத்தில் எது அமர்கிறது? மாவுச்சத்து, கொழுப்புச் சமநிலை பற்றிய ஓர் ஆய்வு

அன்றாட உணவில் மாவுச்சத்தும் கொழுப்பும் எந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்னும் விவாதத்தில் ஒரு தரப்பு எண்ணெயையும் நெய்யையும் விலக்கச் சொல்கிறது. மறுதரப்பு சோற்றை விலக்கச் சொல்கிறது. தமிழக உணவுமுறைக்கு இவ்விரண்டும் போதிய விடைகள் அல்ல. மாவுச்சத்தைக் குறைப்பது இங்கு இன்றியமையாதது. ஆனால் அந்த இடத்தை எந்த உணவு நிரப்புகிறதோ அதுவே பயனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விகிதம் மட்டுமே உடல்நலத்தை முடிவு செய்வதில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜப்பானின் ஒகினாவா தீவினர் தம் கலோரியில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து, பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து பெற்றனர். கிரீட் தீவினரோ ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்து, குறிப்பாக ஆலிவ் எண்ணெயிலிருந்து பெற்றனர். இரு மக்களிடமும் இதயநோய் குறைவாகவே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஓராண்டுச் சோதனையிலும், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினரும் சர்க்கரையையும் சுத்திகரித்த மாவையும் தவிர்த்துக் காய்கறியை மிகுதியாக உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.

அப்படியானால் சோறு மிகுந்த உணவும் தீங்கற்றது என்று வாதிடலாமா? இயலாது. ஒகினாவாவினர் உண்டது நார்ச்சத்து நிறைந்த கிழங்கு. அதுவும் அளவாக, கடும் உடலுழைப்போடு. நாம் உண்பது தீட்டிய அரிசி. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என மூன்று வேளையும் அதுவே முதன்மை உணவு. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்கிறது. நன்மை தரும் எச்.டி.எல். கொலஸ்டிரால் குறைகிறது. எண்ணெயை மட்டும் குறைத்து அந்தப் பசியைச் சோற்றால் ஆற்றுவோருக்கும் இதுவே நேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் (INDIAB) என்னும் நீரிழிவு ஆய்வு 2025இல் வெளியிட்ட முடிவுகள் இவ்விடத்தில் முக்கியமானவை. இந்தியர் தம் கலோரியில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகின்றனர். மொத்தக் கலோரியில் 5 விழுக்காடு அளவுக்கு மாவுச்சத்தைப் பயறு, பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு வாய்ப்பு குறைவாக இருப்பதாக அது மதிப்பிடுகிறது. கொழுப்புக்கு மாற்றுவதில் அத்தகைய பயன் தென்படவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதிலும் பயன் தென்படவில்லை. ஒரே காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இது காரண காரியத்தை மெய்ப்பிக்காது. எனினும் மாற்று எத்திசையில் அமைய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சுட்டுகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதே திசையில் செல்கிறது. 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என அது வகுக்கிறது. மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது. கொழுப்பு விலக்கப்படவில்லை, அது கடலையிலிருந்தும் எள்ளிலிருந்தும், அளவான சமையல் எண்ணெயிலிருந்தும் வருகிறது. நடைமுறையில் இதன் பொருள்: சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அங்கே கெட்டியான பருப்பு, கூட்டு, சுண்டல், பொரியல் இடம்பெற வேண்டும். குறைந்த சோற்றுக்கு ஈடாக எண்ணெயில் பொரித்த வடையும் அப்பளமும் வந்தால் சமநிலை கைகூடாது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்து தருவது 4 மட்டுமே.

இதைத் தனிமனிதக் கட்டுப்பாடாக மட்டும் கருதுவது நியாயமன்று. தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையிலும் கிடைக்கின்றன. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது மிகக் குறைவு. ஏழை வீட்டுத் தட்டில் எது மலிவோ அதுவே மிகுதியாகும். எனவே குடும்ப அட்டைக்குரிய பருப்பின் அளவை உயர்த்துவதும், பாமாயிலின் இடத்தில் உள்ளூர் எண்ணெய் வித்துகளைக் கொண்டுவருவதும் நீரிழிவுத் தடுப்பின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும். உணவுச் சமநிலைக்கான பொறுப்பை அரசும் குடும்பமும் சேர்ந்தே ஏற்க வேண்டும்.