விரிதலும் வளர்தலும்: 'எவலூஷன்' என்னும் சொல்லின் வரலாறு

'எவலூஷன்' என்னும் ஆங்கிலச் சொல், ஏட்டுச்சுருளை விரித்தலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கருவியலாளர் சிலர், கருவில் முன்பே அமைந்துள்ள உருவம் விரிந்து வளர்வதை அதனாற் சுட்டினர். முடிவு தொடக்கத்திலேயே எழுதப்பட்டது என்னும் கருத்து அதனுட் பொதிந்திருந்தது.

டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில் இப்பெயர்ச்சொல் இல்லை. இதன் வினைவடிவம் நூலின் இறுதிச் சொல்லாய் நிற்கிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பிலேயே பெயர்ச்சொல் இடம்பெற்றது.

தமிழில் பரிணாமம் மாற்றத்தைச் சுட்டும். இலங்கைப் பாடநூல்களின் கூர்ப்பு கூர்மையை நினைவூட்டும். படிமலர்ச்சியோ, படிப்படியாய் உயர்ந்து மலர்தலைக் காட்டும். எனினும், இயற்கைத் தேர்வுக்கு முன்குறித்த இலக்கு ஏதுமில்லை. எனவே, கலைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அச்சொல் மாணவர் உள்ளத்தில் எழுப்பும் உவமையின் எல்லையையும் உடன் கற்பித்தல் வேண்டும்.