நம் தெரு எந்த மண்டலம்?

சென்ற மாதம் பழைய மாணவன் ஒருவன் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தான். இளங்கலைத் தமிழ் முடித்தவன். இப்போது ஒரகடம் பக்கத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. கண்கள் சிவந்திருந்தன. இரவுப் பணி முடித்து நேராக வந்ததாகச் சொன்னான். "தூங்கிவிட்டு மதியம் வந்திருக்கலாமே" என்றேன்.

"ரூம்ல எங்க ஐயா தூங்குறது? பக்கத்துல லேத் பட்டறை, எதிர்ல பவர் பிரஸ். ராத்திரி கம்பெனி சத்தத்துக்கு இயர் பிளக் குடுக்குறாங்க. பகல் சத்தத்துக்கு யார் குடுப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனும் அறைத்தோழர்களும் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போயிருக்கிறார்கள். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் தெரு எந்த மண்டலம்? குடியிருப்பா, வணிகமா, தொழிற்பகுதியா?" என்பது. இவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மனு அத்தோடு நின்றது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன். ஒலியைப் பற்றிய நம் சட்டங்களின் வரலாறு, யாருடைய உறக்கத்தை அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதன் வரலாறாகவும் இருப்பதை வாசகர்கள் காணக்கூடும்.

*

இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல என்பதைத் தமிழ் மிக முன்பே அறிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல், அரவம் என்னும் பொருளுக்குக் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என நான்கு சொற்களைத் தருகிறது. உடனே அடுத்த நூற்பாவில் அழுங்கலை மட்டும் தனியே எடுத்து, அதற்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என்கிறது. திருவிழாவின் கலியும் அழிவின் அழுங்கலும் செவிக்கு ஒரே அளவில் கேட்கலாம்; கேட்பவனுக்கு அவை ஒன்றல்ல.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் சந்தையையும் இரவுச் சந்தையையும் காட்டுகிறது. பிறகு இரவை யாமம் யாமமாகப் பகுத்து, அந்தப் பெருநகரம் படிப்படியாக ஓசை அடங்கி உறங்குவதையும், ஊர்க்காவலர் மட்டும் விழித்திருப்பதையும் சொல்கிறது. அந்த நகரில் இரவு எல்லோருக்கும் பொது. விழித்திருப்பவன் காவலன், கள்வன் போன்ற விதிவிலக்கு மட்டுமே. ஒலியைப் பற்றிய நவீனச் சட்டங்களும் இந்தப் பொது இரவை நம்பித்தான் எழுதப்பட்டன.

ஆனால் ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களுக்கு உறக்கம் முதற்கவலையாக இருக்கவில்லை. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், திருவிழாக்களிலும் சடங்குகளிலும் தெருவில் எந்த அளவுக்கு இசைக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்கியது. அச்சட்டத்தின் அச்சம் கலவரத்தைப் பற்றியது. அது வீண் அச்சமும் அல்ல. 1882இல் சேலத்தில் மசூதியையும் ஊர்வல இசையையும் முன்னிட்டுப் பெருங்கலவரம் மூண்டது. தெருவில் இசையோடு போகும் உரிமை யாருக்கு, எந்த அளவுக்கு என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் பொதுத் தொல்லை என்றொரு குற்றம் இருந்தது. அதற்குத் தண்டம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 1,000 ரூபாய் வரை ஆகியிருக்கிறது.

தொழிற்சாலையின் ஒலியைச் சட்டம் கவனித்ததற்கு ஒரு பழைய சான்று இங்கிலாந்தில் கிடைக்கிறது. தொழிலாளரை அழைக்கவும் கலைக்கவும் ஆலைகள் நீராவி ஊதலைப் பயன்படுத்த வேண்டுமானால் உள்ளூர்ச் சுகாதார அமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்று 1872இல் அங்கே ஒரு சட்டமே இயற்றினார்கள். விடியும் முன் எழுப்பப்பட்டவர்கள் ஆலைத் தொழிலாளர் மட்டுமல்லர் என்பதுதான் அதன் பின்னணி. நம் ஊரில் ஆலையின் ஊதலை மக்கள் 'சங்கு' என்றே அழைத்தார்கள். கோயிலிலும் சாவிலும் ஒலித்த ஒரு கருவியின் பெயரை ஆலைக்கும் கொடுத்த அந்தத் தலைமுறை, பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை போன்றவற்றைச் சுற்றித் தன் நாளையே சங்கைக் கொண்டு அளந்தது.

*

விடுதலைக்குப் பின் சட்டம் முதலில் ஆலைக்குள் இருக்கும் செவியைக் கவனித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்திருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்னும் எல்லை விதிகளில் இடம்பெற்றது. ஆலைக்கு வெளியே இருக்கும் செவிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தை 1987இல் திருத்தியபோதுதான், காற்றை மாசுபடுத்தும் பொருள்களின் வரையறைக்குள் இரைச்சலும் சேர்ந்தது. 1989 டிசம்பரில் ஒரு சிறிய அட்டவணை வெளியாயிற்று. 2000 பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்பட்ட ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் அதே அட்டவணையை எடுத்துக்கொண்டன.

இடங்கள் நான்கு வகை. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப்பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. அமைதி மண்டலத்துக்கு 50, 40. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. இந்த நான்கு வரிகளில்தான் நாட்டின் எல்லாத் தெருக்களும் அடங்க வேண்டும். கலப்புப் பகுதி என்றால்? உரிய அதிகாரி அதை நான்கில் ஒன்றாக அறிவிக்கலாம் என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. என் மாணவனின் தெரு அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

விதிகள் வந்த அதே ஆண்டில், ஆகஸ்ட் 30 அன்று, சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெபக்கூடம் ஒன்றின் ஒலிபெருக்கி, மேள ஓசைக்கு எதிராகக் குடியிருப்போர் நலச்சங்கம் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்ற அதன் கருத்து பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தியும் அவ்வழக்கில் உண்டு. இரைச்சலுக்கு ஜெபக்கூடம் மட்டுமே காரணமல்ல, சாலையில் ஓடும் வண்டிகளும் காரணம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் தெரியவந்தது. ஒலிபெருக்கியின் மேல் ஆணை பிறப்பிக்கலாம். சாலைக்கு யார் ஆணையிடுவது?

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விரும்பாத ஒலியைக் கேட்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமையில்லை என்று விரிவாக எழுதியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வண்டியின் ஒலிப்பானையும் கட்டுமான எந்திரங்களையும் இரவுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தமோ பின்னோக்கிப் போயிற்று. மருத்துவமனையே ஆனாலும், மாநில அரசு அறிவித்தாலொழிய அதன் சுற்றுப்புறம் அமைதி மண்டலமாகாது என்றது. ஆக, சட்டம் தரும் பாதுகாப்பு முழுவதும் 'அறிவித்தல்' என்னும் ஒரு சொல்லில் தொங்குகிறது.

*

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் நெடுங்காலம் இராமானுசர் பிறந்த ஊராகவும், 1991க்குப் பின் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊராகவும் அறியப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுச்சாலையில் இன்று நின்று பார்த்தால், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்கள் இவை என்று நம்புவது கடினம்.

நான் கவனிக்க விரும்புவது ஆண்டுகளை. பெரம்பூர் ஆலைகள் எழுந்தபோது ஒலிச் சட்டம் இல்லை. ஒரகடம் எழுந்தபோது சட்டம் இருந்தது. நகரமைப்புத் திட்டமிடும்போது ஒலி மாசை வாழ்க்கைத் தரத்தின் ஓர் அளவுகோலாகக் கருத வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதிகளே உள்ளாட்சி அமைப்புகளுக்கும் வளர்ச்சிக் குழுமங்களுக்கும் கட்டளையிட்டிருந்தன. சிப்காட் வளாகங்களுக்குள் மனைகளும் சாலைகளும் முறையாக வகுக்கப்பட்டன. வேலைக்கு வந்தவர்கள் எங்கே உறங்குவார்கள் என்பது வளாகத்தின் மதிலுக்கு வெளியே விடப்பட்டது. கிராமத்து வீட்டுக்காரர்கள் மாடி எடுத்தார்கள், வரிசையாக அறைகள் கட்டினார்கள். அதே தெருவில் உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளும் வந்தன. இதில் யாரையும் குறைசொல்ல இயலாது. பட்டறைக்காரருக்கும் அது பிழைப்பு.

இனி, அந்தத் தெருவைக் குடியிருப்பு மண்டலம் என்றே வைத்துக்கொள்வோம். எல்லையை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினால் புகார் செய்யலாம் என்கின்றன விதிகள். பகல் எல்லை 55. புகாருக்கு வேண்டியது 65. அதாவது வணிகப்பகுதியின் எல்லை. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. தெரு தொழிற்பகுதி என்றாகிவிட்டால் பகலில் 85 வரை வாய் திறக்க வழியில்லை. ஆலைக்குள் காதடைப்பான் போட்டுக்கொள்ளும் இடத்துக்கு அது அருகில். தவிர, இந்த எண்கள் எல்லாம் ஒரு கால அளவில் எடுக்கும் சராசரி. பவர் பிரஸ்ஸின் அடி விட்டுவிட்டு விழுகிறது. சராசரியில் அது கரைந்துபோகும். உறங்குகிறவனை எழுப்புவது சராசரி அல்ல, அடி.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி 'இரவு' என்னும் சொல்லில் இருக்கிறது. விதிகளின் இரவு 10 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகிறது. என் மாணவனின் இரவு காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. மதுரைக்காஞ்சியின் காலத்தில் விழித்திருந்தவர்கள் சிலர். இங்கே மூன்று ஷிப்டுகளில் ஓடும் ஆலைகளால் ஓர் ஊரின் பெரும்பகுதியே முறைவைத்து விழித்திருக்கிறது. அவர்களுடைய உறக்கத்துக்குச் சட்டத்தில் பெயரில்லை.

இதற்குத் தீர்வே இல்லை என்பதில்லை. ஜெர்மனியிலும் மண்டலவாரியான ஒலி எல்லைகள்தான். வீடும் தொழிலும் கலந்த நகர்ப்பகுதிகள் பெருகியபோது, அவர்கள் 2017இல் அத்தகைய பகுதிக்கென ஒரு புதிய வகையையே சேர்த்தார்கள்: பகலில் 63, இரவில் 45. பகலில் தொழிலுக்கு இடம் கொடுத்து, இரவில் பழைய கலப்புப் பகுதியின் எல்லையையே வைத்துக்கொண்டார்கள். நம்மிடம் அதற்குக்கூடப் புதுச் சட்டம் தேவையில்லை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் தவிர வேறு எந்த இடத்தையும் அமைதி மண்டலமாக அறிவிக்கும் வழி விதிகளின் அட்டவணையிலேயே உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் மாபெரும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தொழிலாளியின் உறக்கத்துக்கு இடம் தேவை என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அதை நான் காண்கிறேன். அது நிற்பதோ தொழிற்பேட்டைக்குள். அதைச் சுற்றி எந்த வரி செல்லும்? 75ஆ, 55ஆ, 50ஆ? அறிவிக்க வேண்டியவர்கள் அறிவித்தால் ஒரு தாளில் முடியும் காரியம் இது. அதே தாளில் பகல் உறக்கத்தையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அறைகள் நிறைந்த தெருக்களில் பிரஸ் ஓடும் நேரத்தை உள்ளாட்சியும் பட்டறைக்காரர்களும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

மாணவனுக்குச் சான்றிதழ் கிடைக்க மதியமாகிவிட்டது. துறையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பக்கத்து வகுப்பில் யாரோ உரியியல் நடத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல உரத்த குரல். அவன் உட்கார்ந்தபடியே உறங்கிப் போனான். கல்லூரி, விதிகளின்படி, அமைதி மண்டலமாக அறிவிக்கத் தகுந்த இடம்தான். அறிவித்திருக்கிறார்களா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.